உங்கட தெருவுக்கு ஏன் அந்தப் பேர்? வட்ஸ்அப்ல வரலாறு படிப்பிச்ச என்ட அனுபவம்

ராத்திரி 10.40க்கு போன் விடாம அடிக்கத் தொடங்கிச்சு, எடுத்துப் பாத்தா எங்கட தரம் 9 குரூப்ல ஒரே பொடியன் ஒன்பது மெசேஜ், ஒரு கிழமை வேலை முழுக்க கொப்பியைப் படம் எடுத்து ஒன்டுக்குப் பின்னால ஒன்டா அனுப்பியிருக்கான். 2020 ஜூன் மாசம் அது, ஊரடங்கை பகல்ல எடுத்துட்டாங்க ஆனா ஸ்கூல் இன்னும் திறக்கல. நான் அன்டைக்கு நல்லா களைச்சுப் போய் இருந்தன், எல்லாரும் பாக்குற குரூப்லயே "மகன், இதுவா மெசேஜ் போடுற நேரம், நேரத்துக்கு வேலை செய்யப் பழகணும்" என்டு எழுதிட்டன். அவன் பதில் போடல. அடுத்த நாள் பின்னேரம் அவன்ட அம்மா கோல் எடுத்தா. கோவமா கதைக்கல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்திச்சு. "டீச்சர், வீட்டுல ஒரே ஒரு போன் தான், அவங்கட அப்பா புறக்கோட்டைக்கு மூட்டை தூக்குற நாட்டாமி வேலைக்குப் போகக்குள்ள கொண்டு போயிருவாரு, அவரு வந்து குளிச்சு சாப்பிட்டு முடிய பத்து மணியாகும், அதுக்குப் பிறகுதான் தம்பிக்கு கையில கிடைக்கும், குறை நினைக்காதீங்க டீச்சர்" என்டு சொன்னா.

அவ போனை வச்ச பிறகு நான் குரூப்பைத் திறந்து மேல மேல தள்ளிப் பாத்தன். பகல்ல பதில் போடுற பிள்ளைகள் எல்லாம் யாரு, ராத்திரில போடுறவங்க யாரு, போடவே போடாதவங்க யாரு என்டு ஒரு பேப்பர்ல எழுதினன். பகல்ல போடுறது அம்மாவோ அப்பாவோ வீட்டுல இருக்குற, இல்லாட்டி தனக்கென்டு போன் இருக்குற பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும்தான். அதுவரைக்கும் நான் அவங்களத்தான் "ஆர்வமான பிள்ளைகள்" என்டு நினைச்சுக்கிட்டு இருந்தன்.

நான் கொழும்பு வடக்குல ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில இருபது வருஷத்துக்கு மேல வரலாறு படிப்பிக்கிறன். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம் இந்தப் பக்கப் பிள்ளைகள்தான் கூட, தமிழ்ப் பிள்ளைகளும் இருக்காங்க முஸ்லிம் பிள்ளைகளும் இருக்காங்க. இப்ப சில இளம் டீச்சர்மார் "சோஷல் மீடியாவை வச்சு படிப்பிக்கலாமா, அது பிள்ளைகளைக் கெடுக்காதா" என்டு கேக்கிறாங்க. படிப்பிக்கலாம். ஆனா நான் முதல்ல செஞ்ச மாதிரி செஞ்சா அது படிப்பு இல்ல, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

2020 மார்ச் 12ஆம் திகதி, நாளையில இருந்து ஸ்கூல் இல்ல என்டு அறிவிச்சாங்க. ரெண்டு நாளைக்குள்ள நான் குரூப் ஒன்டு தொடங்கிட்டன், 38 பிள்ளைகள்ல 29 பேர்ட நம்பர்தான் கிடைச்சிச்சு. பிறகு நான் செஞ்சது ஒரே வேலை, அனுப்புறது. பாடப்புத்தகத்துட பிடிஎஃப், நோட்ஸ் பிடிஎஃப், யாரோ செஞ்ச யூடியூப் லிங்க், பாஸ்ட் பேப்பர். ஒரு பிடிஎஃப்பை டவுன்லோட் பண்ணினா வீட்டுல போட்டிருக்குற சின்ன டேட்டா கார்ட்ல பாதி போயிரும் என்டு எனக்கு யோசனையே வரல, எங்கட வீட்டுல வைஃபை இருந்திச்சு. அதுக்கு நடுவுல பெற்றோர் காலையில பூப் படத்தோட குட் மோர்னிங், கொத்தமல்லிக் கசாயம் குடிச்சா கொரோனா வராது என்டு ஃபோர்வர்ட், எந்த லேனை மூடியிருக்காங்க என்டு வொய்ஸ், இதெல்லாம் சேர்ந்து என்ட பாடம் எங்க கிடக்கு என்டு தேடவே ஏலாது. டிவியில குரு கெதர என்ட பாட நிகழ்ச்சி போச்சு, ஈ-தக்சலாவ வெப்சைட்ல புத்தகமெல்லாம் இருந்திச்சு, அதெல்லாம் நல்ல விஷயம்தான், ஆனா அதுவும் அனுப்புறதுதான், பிள்ளை திரும்ப ஒரு வார்த்தை சொல்றதுக்கு அங்க இடமில்ல. சோஷல் மீடியாவுல இருக்குற ஒரே விசேஷம் அந்தத் திரும்பிச் சொல்றதுதானே. அதை விட்டுட்டு அதை ஒரு தபால் பெட்டி மாதிரி பாவிச்சா என்ன பிரயோசனம்.

அந்த அம்மாட கோலுக்குப் பிறகு முதல்ல நேரத்தை மாத்தினன். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே ஒரு கேள்வி, ஞாயிற்றுக்கிழமை எந்த நேரம் என்டாலும் பதில் போடலாம், நடுச்சாமம் என்டாலும் சரி. நான் ராத்திரி எட்டு மணிக்கு என்ட போனை சைலன்ட்ல போட்டுருவன், காலையிலதான் பாப்பன், அதையும் பெற்றோருக்கு சொல்லி வச்சன். பிள்ளைக்கு நேரத்தைத் திறந்து விடணும், டீச்சர் தன்ட நேரத்தை மூடி வச்சிக்கணும், ரெண்டும் ஒரே நாள்ல செய்ய வேண்டிய வேலை, இல்லாட்டி ரெண்டு மாசத்துல நீங்களே வெறுத்துருவீங்க.

ரெண்டாவது, பிடிஎஃப்பை நிப்பாட்டிட்டு வொய்ஸுக்கு மாறினன். என்ட வொய்ஸ் ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகாது. அது வீடியோவோட பாத்தா டேட்டாவுல ஒன்டுமே இல்ல, வாசிக்கக் கஷ்டப்படுற பிள்ளைக்கும் விளங்கும், அம்மா சமைச்சுக்கிட்டே கேப்பா. பிள்ளைகளும் வொய்ஸ்லயே பதில் சொல்லலாம் என்டு சொன்னன். அப்பதான் ஒரு விஷயம் நடந்திச்சு, வகுப்புல வாய் திறக்காத பிள்ளைகள் கதைக்கத் தொடங்கினாங்க. 40 பேருக்கு முன்னால எழும்பி நின்டு பிழையா சொல்லிருவமோ என்டு பயந்த பிள்ளை, வீட்டுல நாலு தடவை ரெக்கோர்ட் பண்ணி அழிச்சு அஞ்சாவதை அனுப்பும். அந்த அஞ்சாவது எப்பவும் நல்லாத்தான் இருக்கும்.

இப்ப தெருப் பேர் கதைக்கு வாறன், இதுதான் நான் செஞ்சதுல எனக்கு சரியான விருப்பமான வேலை.

2022 தொடக்கத்துல, கரண்ட் கட் தொடங்கியிருந்த நேரம், ஒல்லாந்தர் பாடம் வந்திச்சு. 1656ல போர்த்துக்கேயர்கிட்ட இருந்து கொழும்பைப் பிடிச்சாங்க, 1796ல பிரித்தானியர்கிட்ட விட்டாங்க, ரெண்டு வருஷத்தையும் பாடமாக்கி பேப்பர்ல எழுதிட்டு மறந்துருவாங்க. அந்த வெள்ளிக்கிழமை நான் பாடமே அனுப்பல. "நீங்க இருக்குற தெருவுக்கு ஏன் அந்தப் பேர் வந்திச்சு? வீட்டுல வயசான ஒரு ஆள்கிட்ட கேட்டு அவங்கட குரல்லயே ஒரு நிமிஷம் ரெக்கோர்ட் பண்ணி அனுப்புங்க, தெரியாது என்டு அவங்க சொன்னா அதையும் அனுப்புங்க" என்டு மட்டும் போட்டன்.

ஞாயிறு ராத்திரிக்குள்ள 31 வொய்ஸ் வந்திச்சு, அதுக்கு முந்தி ஒரு கேள்விக்கும் அவ்வளவு பதில் வந்ததில்ல. அம்மம்மாமார், ஆச்சிமார், முஸ்லிம் வீடுகள்ல உம்மம்மா, பக்கத்துல கரண்ட் இல்லாத இருட்டுல பிள்ளைகள் சிரிக்கிற சத்தம், குக்கர் விசில், பின்னால எங்கயோ பாங்கு சொல்ற சத்தம். கொம்பனித் தெருவுல இருந்து மாறி வந்த ஒரு குடும்பத்துத் தாத்தா "கொம்பனி என்டா வெள்ளைக்காரன்ட கம்பனி, அதுதான் பேர்" என்டு சொல்லி முடிச்சிட்டார், அதே இடத்துக்கு அப்ப இங்கிலீஷ்ல ஸ்லேவ் ஐலண்ட் என்டு பேர், ஒல்லாந்தர் அடிமைகளை வச்சிருந்த இடம், இதை நான் திங்கட்கிழமை சொல்லக்குள்ள வகுப்பு அப்படியே அமைதியாகிருச்சு. தமிழ்ல நாங்க சொல்ற பேர்ல முதலாளி இருக்கான், இங்கிலீஷ் பேர்ல அடிமை இருக்கான் என்டு ஒரு பிள்ளை சொன்னா. நான் எழுதிக் கொடுத்தது இல்ல அது, 14 வயசுப் பிள்ளை தானா யோசிச்சுச் சொன்னது.

இன்னொரு பொடியன் நாகலகம் வீதிக்குக் கிட்ட இருக்குறவன், அவன்ட அம்மாட அப்பா சொன்னாராம் கிராண்ட்பாஸ் என்டா போர்த்துக்கேயர் வச்ச பேர், களனி கங்கையைக் கடக்குற பெரிய துறை அங்கதான் இருந்திச்சாம் என்டு. அவர் சொன்னது சரிதான். அதைக் கேட்டதும் இன்னொருத்தன் எழும்பி, "டீச்சர், மழை நேரம் நியூஸ்ல நாகலகம் வீதி நீர்மட்டம் இவ்வளவு அடி என்டு சொல்றாங்களே அதுவும் அந்த ஆறுதானே" என்டு கேட்டான். எனக்கு அந்த இடத்துல பாடம் படிப்பிக்கத் தேவையே இருக்கல, பிள்ளைகள் வெள்ளம் வந்த கதையில இருந்து தானாவே ஆறு, துறை, கோட்டை, வியாபாரம் என்டு போயிட்டாங்க.

செட்டியார் தெருவுக்கு இங்கிலீஷ்ல சீ ஸ்ட்ரீட், கடல் தெரு. கோர்ட் இருக்குற புதுக்கடைக்கு இங்கிலீஷ்ல ஹல்ஸ்டோர்ப், அது 1656ல கொழும்பு முற்றுகையில செத்த ஹுல்ஃப்ட் என்ட ஒல்லாந்து ஜெனரல்ட பேர்ல வந்தது, கோர்ட்டுக்குப் போய் வந்த அப்பாமார் எத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் அது தெரியாது. வொல்பெண்டால் என்டா ஓநாய்ப் பள்ளத்தாக்கு, இலங்கையில ஓநாய் இல்ல, நரியைப் பாத்துத்தான் அவங்க ஓநாய் என்டு நினைச்சிருக்காங்க, 1757ல திறந்த அந்த ஒல்லாந்து தேவாலயம் இன்னும் அந்த மேட்டுல நிக்குது, எங்கட பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போறாங்க.

புளூமெண்டல் பக்கத்துல இருந்து வந்த வொய்ஸைத்தான் நான் கூடத் தடவை கேட்டிருப்பன். ஒரு அமைதியான பிள்ளைட அம்மம்மா, "எனக்குப் பேர் எப்பிடி வந்திச்சு என்டு தெரியாது மகள், நாங்க வந்த நேரம் இங்க குப்பை இல்ல, பின்னால புல்லு, மாடு மேயும், நான் உங்கட அம்மாவைத் தூக்கிக்கிட்டு அங்க நடப்பன்" என்டு சொல்லுறா. ஒல்லாந்து மொழியில அந்தப் பேருக்கு பூப் பள்ளத்தாக்கு என்டு அர்த்தம். குப்பை மேட்டுக்குப் பக்கத்துல இருக்கு என்டு வெக்கப்பட்டு விலாசத்தைச் சொல்லாத பிள்ளை அது, அன்டைக்கு வகுப்புல பலகையில போய் தன்ட தெருப் பேரையும் அர்த்தத்தையும் தானே எழுதினா.

திங்கட்கிழமை என்டு திரும்பத் திரும்பச் சொல்றன் ஏனென்டா எல்லாமே அங்கதான் சேருது. ஸ்கூலுக்குப் பிள்ளைகள் போன் கொண்டு வர ஏலாது, கொண்டு வரவும் வேணாம். நான் என்ட போனையும் கைக்குள்ள அடங்குற ஒரு ஸ்பீக்கரையும் கொண்டு போய் தெரிஞ்செடுத்த ஆறு ஏழு வொய்ஸைப் போட்டுக் காட்டுவன். போனே இல்லாத ஒன்பது பிள்ளைகளுக்கும் பாடம் கிடைக்கிறது இதாலதான். அவங்க கேள்வியை வெள்ளிக்கிழமை பலகையில இருந்து கொப்பியில எழுதிக்கிட்டுப் போவாங்க, வீட்டுல கேட்டதை எழுதிக்கிட்டு வருவாங்க, அதை அவங்களையே வாசிக்கச் சொல்லி மற்றவங்கட வொய்ஸுக்கு நடுவுல வாசிக்க வைப்பன். போன் இல்லாத பிள்ளைட பதில் வகுப்புல கேக்காட்டி அந்த வேலையை நான் பாதியிலயே நிப்பாட்டியிருப்பன், இது எனக்கு அவ்வளவு முக்கியம்.

எல்லாம் சரியாத்தான் வந்திச்சு என்டு இல்ல. ஒரு பொடியன் "1796ல எடுத்த கொழும்பு" என்டு எழுத்துப் போட்டு ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவை அனுப்பினான், பேஸ்புக்ல ஆயிரக்கணக்குல ஷெயாராம். நான் பிழை என்டு சொல்லல, "போட்டோ எடுக்கிற கலையை உலகத்துக்கு எப்ப அறிவிச்சாங்க என்டு தேடிப் பாருங்க" என்டு குரூப்ல போட்டன். 1839 என்டு ஒரு மணித்தியாலத்துல ஏழு பேர் பதில் போட்டாங்க, அப்ப 1796ல யார் கேமரா வச்சிருந்தது என்டு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. பிறகு கூகுள் லென்ஸ்ல படத்தைப் போட்டு அது வேற எங்க வந்திருக்கு என்டு தேடுற முறையையும் காட்டினன். இந்தப் பழக்கம் எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெறும் பாடம் இல்ல. 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோவில்ல குண்டு வெடிச்ச அந்த ஞாயிறுக்குப் பிறகு குழாய்த் தண்ணியில விஷம் கலந்திட்டாங்க என்டு மெசேஜ் சுத்தினப்போ நானே பயந்து வாளித் தண்ணியை ஊத்தினவ. அந்த நாட்கள்ல ஒரு தெருவுக்குள்ள இருந்த ஆக்களை ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமா பாக்க வச்சது இந்த மாதிரி ஃபோர்வர்ட்தான். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பெஞ்சுல இருக்குற வகுப்புல, "இதை யார் சொன்னது, எப்ப, எப்பிடித் தெரியும்" என்டு கேக்கப் பழக்குறதை விட வரலாறு டீச்சருக்கு வேற பெரிய வேலை இருக்கு என்டு நான் நினைக்கல.

இப்ப பாதுகாப்பு விஷயம். இதுல நான் ஒரு பிழை விட்டன், அதால ஒரு பிள்ளை கஷ்டப்பட்டா. சாதாரண குரூப்ல எல்லாருக்கும் எல்லார்ட நம்பரும் தெரியும். எங்கட குரூப்ல இருந்து ஒரு மாணவிட நம்பரை யாரோ எடுத்துக் கொடுத்து, தெரியாத ஒரு ஆள் ராத்திரில அவவுக்கு மெசேஜ் போடத் தொடங்கினான். பிள்ளை ரெண்டு கிழமை ஒருத்தருக்கும் சொல்லல, வகுப்புல முகம் வாடிப் போய் இருந்ததைப் பாத்து கேட்டபோதுதான் அழுதா. அம்மாவைக் கூப்பிட்டுக் கதைச்சம், ஸ்கிரீன்சொட் எடுத்து வச்சம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட 1929 நம்பருக்கு அடிச்சு என்ன செய்யணும் என்டு கேட்டம், அதுக்குப் பிறகு அந்த ஆளை புளொக் பண்ணினம். அழிச்சிட்டா ஆதாரம் போயிரும், அதால முதல்ல ஸ்கிரீன்சொட், பிறகுதான் புளொக், இதை எல்லாப் பெற்றோரும் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

அன்டையில இருந்து பிள்ளைகள்ட நம்பர் ஒரு குரூப்லயும் இல்ல. பெற்றோர்ட நம்பருக்கு புரோட்காஸ்ட் லிஸ்ட்ல கேள்வி போகும், அதுல ஒருத்தர்ட நம்பர் மற்றவருக்குத் தெரியாது, 256 பேர் வரைக்கும் போடலாம், ஆனா உங்கட நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தா மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும், அதால பெற்றோர் கூட்டத்துல எல்லாரையும் அந்த இடத்துலயே போனை எடுத்து சேவ் பண்ண வச்சன். பதில் எனக்குத் தனியா வரும். ஒரு டீச்சரும் பிள்ளையும் தனியா சட் பண்ற மாதிரி இருக்கக் கூடாது என்டதால இந்த வேலைக்கென்டு ஒரு சிம் எடுத்து பழைய போன்ல போட்டு, அதே எக்கவுண்டை பகுதித் தலைவர் மிஸ்ட கம்ப்யூட்டர்லயும் லிங்க் பண்ணி வச்சிருக்கன், நான் என்ன எழுதுறன் என்டு அவவுக்கும் தெரியும். என்னையும் அது காப்பாத்துது. பிள்ளைட முகம் தெரியிற படம் கேக்க மாட்டன், மார்க்ஸ் போட மாட்டன், வீட்டுல பெரியவங்கட குரலை வகுப்புல போடலாமா என்டு முதல்லயே கேட்டு எழுத்துல வாங்குவன். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு 11, 12 வயசு, வட்ஸ்அப்புக்கே 13 வயசு வேணும், அதால அவங்களுக்கு எக்கவுண்ட் தொடங்கச் சொல்லாதீங்க, அம்மாட போன் போதும்.

பேஸ்புக், டிக்டொக் ரெண்டையும் நான் பாடத்துக்கு எடுக்கல. பிள்ளை கேள்வியைத் தேடிப் போனா பக்கத்துல இருக்குறது வேற எங்கயோ கொண்டு போயிரும். யூடியூப்ல நானே செஞ்ச சின்ன வீடியோ சிலதை அன்லிஸ்டட்ல போட்டு லிங்க் மட்டும் கொடுப்பன், அவ்வளவுதான்.

இன்னொன்டு, இதை மட்டும் நம்பி இருக்காதீங்க. 2022 ஏப்ரல் 3, ஊரடங்கு போட்ட ஞாயிறு, காலையில எழும்பினா வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் யூடியூப்பும் ஒன்டும் வேலை செய்யல, அரசாங்கம் நிப்பாட்டியிருந்திச்சு, பின்னேரம்தான் திரும்ப வந்திச்சு. 2019 ஏப்ரல்ல ஒரு கிழமைக்கு மேல நிப்பாட்டி இருந்தாங்க. அந்த ஞாயிறு பதில் அனுப்ப ஏலாம பிள்ளைகள் பயந்துட்டாங்க, மூணு பேர் சாதாரண எஸ்எம்எஸ்ல "டீச்சர் மார்க்ஸ் குறையுமா" என்டு கேட்டாங்க. இப்ப ஒவ்வொரு கேள்வியும் கொப்பியிலயும் இருக்கும், கொப்பியில எழுதினாலும் வொய்ஸ் அனுப்பினாலும் ஒரே மதிப்புத்தான்.

போன வருஷம் அந்த புளூமெண்டல் பிள்ளைட அம்மா ஸ்கூலுக்கு வந்தா. பிள்ளை ஓ லெவல் முடிச்சிட்டா, நான் அதைப் பத்தித்தான் கதைக்க வந்திருப்பா என்டு நினைச்சன். அம்மம்மா மோசம் போயிட்டாவாம். "டீச்சர், அம்மாட குரல் எங்ககிட்ட வேற ஒன்டுமே இல்ல, நீங்க அன்டைக்கு வகுப்புல போட்டீங்க தானே, அது இருக்கா" என்டு கேட்டா. என்னட்ட இல்ல. போன்ல இடம் நிரம்பினப்போ அந்த வருஷத்து வொய்ஸ் எல்லாத்தையும் நான் அழிச்சிருந்தன். பிள்ளை அனுப்பின போனும் உடைஞ்சு போச்சு. அவவை உக்கார வச்சிட்டு, 2022 வகுப்புட பழைய பெற்றோர் குரூப், ரெண்டு வருஷமா ஒரு மெசேஜும் இல்லாம கிடந்தது, அதுல விஷயத்தை எழுதினன், ஏனென்டா நல்ல வொய்ஸ் சிலதை அந்த நேரம் அனுமதி கேட்டுட்டு அங்க ஃபோர்வர்ட் பண்ணியிருந்தன். பகல் முழுக்க ஒருத்தரும் பதில் போடல. ராத்திரி பதினொரு மணிக்குப் பிறகு ஒரு உம்மா, "பழைய போன் அலுமாரில கிடந்திச்சு டீச்சர், சார்ஜ் ஏத்திப் பாத்தன், இதுவா" என்டு அனுப்பியிருந்தா. காலையில எழும்பித்தான் பாத்தன். அதேதான், ஒரு நிமிஷம் நாலு செக்கன்.

இப்ப தவணை முடியிற கிழமையில எல்லா வொய்ஸையும் ஒரு பென் டிரைவ்ல ஏத்தி, திகதி, தெரு, சொன்ன ஆள் பிள்ளைக்கு என்ன முறை என்டு ஒரு கொப்பியில எழுதி, ஸ்டாஃப் ரூம் அலுமாரியில வைக்கிறன். அந்த வொய்ஸ் எல்லாத்துட பிரதியும் பகுதித் தலைவர் மிஸ்ட கம்ப்யூட்டர்ல இருக்கு. குடும்பத்துக்கு வேணும் என்டா அந்தந்த வீட்டுக்கு அவங்கட குரலை மட்டும் கொடுப்பம். இந்தத் தவணைக் கேள்வி, வீட்டுல இருக்குற ஆகப் பழைய சாமான் எது, அது எங்க இருந்து யார் கொண்டு வந்தது.